கையோடு கொண்டுபோன கம்ப்யூட்டர்

எதை வாங்கப் போனாலும் அதன் ஜோடியைக் கையோடு கொண்டுபோவது ஸ்கிரீனக்காவின் வழக்கம். மூடி வாங்கப் போனால் பாத்திரம் கூடப் போகும். பொத்தான் வாங்கப் போனால் சட்டை போகும். அந்தச் சட்டையைக் கணவர் போட்டிருந்தால் அவரும் போவார். குழாய்க்கு வாஷர் வேண்டுமென்றால் குழாயையே கழற்றித் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொள்வாள். கடைக்காரர் மேசையில் தண்ணீர் சொட்டும். ஒரு பூட்டுக்குச் சாவி செய்யக் கதவையே கழற்றிக்கொண்டு போனாள் என்று கணவர் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். அது பொய். அலமாரிக் கதவுதான்.

கேட்டால் ஒரே பதில்தான் சொல்வாள். கண் பார்த்ததைக் கால் வாசல் தாண்டியதும் மனசு மறந்துவிடும் என்பாள். திரைச்சீலை தைக்கத் தொடங்கிய புதிதில், ஒரு வீட்டுச் சுவரின் பச்சையை மனதில் வைத்துக்கொண்டு போய்த் துணி எடுத்து வந்தாள். வீட்டில் மாட்டிப் பார்த்தால் சுவர் வேறு பச்சை, துணி வேறு பச்சை. இரண்டும் சண்டை போட்ட மாமியாரும் மருமகளும் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன. அன்றோடு மனதை நம்புவதை விட்டாள்.

சன்னலுக்குத் தொங்கவிடுவதை எல்லாரும் ஸ்கிரீன் என்றுதான் சொல்கிறார்கள். அதனால் அவள் ஸ்கிரீனக்கா ஆனாள். எட்டாவதோடு படிப்பு நின்றது. இன்றும் எதைப் படித்தாலும் வரிக்குக் கீழே விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகத்தான் படிப்பாள். பேச்சும் அப்படித்தான். நாலு பேர் இருக்கிற இடத்தில் அவள் வாய் திறப்பதற்குள் பேச்சு இரண்டு தெரு தாண்டிப் போயிருக்கும். ஆனால் அந்த நேரமெல்லாம் கண் சும்மா இருக்காது. யார் வீட்டுச் சன்னலில் எந்த மூலையில் வெளிச்சம் கசிகிறது, யார் வீட்டுக் கம்பி நடுவில் தொய்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும்.

வீட்டின் முன்னறைதான் அவளுடைய தையலறை. துணி வெட்டுகிற நீள மேசை, மெஷின், இஸ்திரிப்பெட்டி, சுவரோரம் நிமிர்த்தி வைத்த துணிச் சுருள்கள். மூலையில், அவளே தைத்த சிறு திரைக்குப் பின்னால், கம்ப்யூட்டர். தூசி படக்கூடாதென்று அதற்கும் ஒரு ஸ்கிரீன் போட்டிருந்தாள். "ஸ்கிரீனுக்கே ஸ்கிரீன் போட்டவ நீ ஒருத்திதான்" என்பார் கணவர். அவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க லிஃப்ட் கூண்டுக்குள் தனியாக நின்று வேலை பார்ப்பவர். அங்கே பேச முடியாததையெல்லாம் வீட்டுக்கு வந்து பேசித் தீர்ப்பார்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் மகள் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர் அது. முன்பக்கம் ஒரு பிறைச் சின்னம் இருக்கும். கூடவே அதே பிறை போட்ட ஒரு போனும் வாங்கிக் கொடுத்திருந்தாள். இரண்டும் ஒட்டிப் பிறந்தவை மாதிரி. போனைப் பக்கத்தில் வைத்தால் போதும், எடுத்த படமெல்லாம் தானே நடந்து கம்ப்யூட்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அந்தப் படங்களில்தான் அக்காவின் தொழிலே இருந்தது. ஒரு வீட்டுக்குப் போனால் ஒவ்வொரு சன்னலின் ஓரத்திலும் தன் அளவுக்குச்சியை நிறுத்தி வைத்துப் படம் எடுப்பாள். விரற்கடைக்கு ஒரு கறுப்புக் கோடு போட்ட வெள்ளைக் குச்சி. வீட்டுக்கு வந்து அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி, கோடு போடுகிற மரச்சட்டத்தை அதன் கண்ணாடித் திரைமேலேயே வைத்துப் பார்ப்பாள். குச்சி நேராக நிற்கும், சன்னல் சாய்ந்திருக்கும். சன்னல் என்று பேர்தானே தவிர, நேரான சன்னலை அவள் இன்றுவரை பார்த்ததில்லை. 'வாத்தியார் வீடு, சமையலறை, இடது பக்கம் ஒரு விரல் இறக்கம்.' 'மருந்துக்கடைக்காரர் மாடி, மேலே அகலம், கீழே ஒடுக்கம்.' இப்படி அறுநூற்றுச் சொச்சம் சன்னல்கள் அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருந்தன. திரையை அந்தக் கோணலுக்குத் தக்கபடி வெட்டித் தைப்பாள். மாட்டிய பிறகு வீட்டுக்காரர்கள் தங்கள் சன்னல் எவ்வளவு நேராக இருக்கிறது என்று மெச்சிக்கொள்வார்கள். அக்கா அவர்களைத் திருத்தியதே இல்லை.

தைத்து முடித்ததும் கீழ் மடிப்பின் மூலையில், வெளியே தெரியாத பக்கம், நீல நூலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போடுவாள். கையெழுத்துப் போடக் கூச்சப்படுகிறவளுக்கு அதுதான் கையெழுத்து.

இப்படி ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில் ஒரு திங்கட்கிழமை வாளி குறுக்கே வந்தது. புதுத் துணியை வெட்டுவதற்கு முன் வாளித் தண்ணீரில் ஊறவைப்பாள். சுருங்குகிற துணி தைப்பதற்கு முன்பே சுருங்கிக்கொள்ளட்டும் என்று. குனிந்து துணியை அமுக்கியபோது மேல்சட்டைப் பையிலிருந்த பிறை போன் நழுவி உள்ளே போனது. துணி சுருங்கியது. போன் அடங்கியது.

மற்ற நாளாக இருந்தால் பரவாயில்லை. அந்த வாரம்தான் கண் டாக்டரின் புது ஆஸ்பத்திரி ஆர்டர் வந்திருந்தது. முப்பத்தொரு சன்னல். கண்ணைப் பரிசோதிக்கிற அறைகள் என்பதால் ஒரு நூல் வெளிச்சம்கூட உள்ளே வரக்கூடாது. டாக்டர் கறாரான ஆள். ஒவ்வொரு சன்னலுக்கும் படம் வரைந்து சனிக்கிழமைக்குள் காட்டினால்தான் துணியில் கத்தரி வைக்கலாம் என்று சொல்லிவிட்டார்.

அதே பிறை போட்ட இன்னொரு போன் வாங்கிவிடலாம் என்று விசாரித்தால், அந்தக் கம்பெனி போன் செய்வதையே நிறுத்திவிட்டதாம். இப்போது கம்ப்யூட்டர் மட்டும்தானாம். ஜோடியில் ஒன்று போனபின் மற்றது மூலையில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் அப்பாவின் பொத்தான் போனுக்குக் கூப்பிட்டு விவரம் சொன்னாள். வேறு கம்பெனி போனும் வாங்கலாம், ஆனால் இந்தக் கம்ப்யூட்டரோடு 'கம்பாட்டிபிளா' என்று கேட்டு வாங்க வேண்டும் என்றாள். அப்பா ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, போனை வைத்தார்.

"என்ன சொன்னா?" என்றாள் அக்கா.

"ஏதோ பாட்டிங்கிறா. கம்பு பாட்டியோ என்னமோ. பாட்டி பேரைச் சொல்லிக் கேட்டா கடைக்காரர் புரிஞ்சுக்குவாராம்."

மறுபடியும் கூப்பிட்டுக் கேட்டதில் விஷயம் பொருத்தம் என்று தெளிந்தது. அவ்வளவுதான், அவருக்கு அல்வா கிடைத்தது மாதிரி ஆகிவிட்டது. எதிர்வீட்டுக்காரரிடம், முடிதிருத்துகிறவரிடம், யார் கிடைத்தாலும், "வீட்ல கம்ப்யூட்டருக்குச் சம்பந்தம் தேடுறோம். கொஞ்சம் வயசானதுதான், ஆனா நல்ல குணம்" என்று சொல்லத் தொடங்கினார்.

செவ்வாய்க்கிழமை காலை குட்டி வந்தாள்.

குட்டி என்பது அக்காவின் நாத்தனார். வயது நாற்பத்தாறு. பெரிய தெருவில் இரண்டு மாடியில் மெத்தை, தலையணை, தரைவிரிப்புக் கடை வைத்திருப்பவள். பத்துப் பேரை வேலை வாங்குகிறாள். ஆனாலும் அண்ணன் அந்தக் காலத்தில் வைத்த பேர் குட்டி, குட்டியாகவே நிலைத்துவிட்டது. கெட்டவள் இல்லை. யாருக்கு என்ன நல்லது என்று அவர்களுக்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும், அதுதான் சிரமம். அண்ணி தன் கடைக்கு வந்து உட்கார வேண்டும் என்பது அவளுடைய பல வருட ஆசை. இத்தனை நாள் அதற்கு ஒரு காரணம் கிடைக்கவில்லை.

"இதுக்கு ஏன் அண்ணி கவலைப்படறீங்க?" என்றாள் குட்டி, மேசைமேல் கிடந்த துணியை விரலால் உரசிப் பார்த்தபடி. "நம்ம கடையில புது கம்ப்யூட்டர் இருக்கு. நீங்க அளவெடுங்க, அதுல ஏத்திக்கலாம். ஆர்டரையும் கடை பேருக்கே மாத்திடலாம். நீங்க தைச்சா மட்டும் போதும்."

போதும் என்றது காதில் இனிப்பாக விழுந்து தொண்டையில் முள்ளாக நின்றது அக்காவுக்கு. கடை பேரில் தைத்தால் மூலையில் கடைச்சீட்டு வரும். கொட்டை எழுத்தில் அச்சடித்த சீட்டு. நீலப் பெருக்கல் குறி வராது. இந்த முப்பத்தொன்று போனால் அடுத்ததும் அந்த வழியே போகும். அறுநூறு சன்னலும் குட்டியின் கம்ப்யூட்டருக்குக் குடிபெயரும். பிறகு அவள் ஸ்கிரீனக்கா இல்லை, குட்டி கடை அண்ணி. இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல அக்காவுக்கு வராது. நாளைக்குப் போன் பார்க்கப் போவதாகவும், சரிப்படாவிட்டால் சொல்வதாகவும் மட்டும் சொன்னாள்.

"நாளைக்கே சொல்லிடுங்க" என்றாள் குட்டி.

புதன்கிழமை கணவருக்கு விடுமுறை. கிளம்பலாமா என்று வாசலுக்கு வந்தவர், அக்கா கம்ப்யூட்டரின் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எது எங்கே போகும் என்று வண்ண நூல் கட்டி அடையாளம் வைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். ஒரு நிமிடம் ஒன்றும் பேசவில்லை. அவர் ஒரு நிமிடம் பேசாமல் இருந்தது அந்த வருடத்தில் அதுதான் முதல் தடவை.

"இதையுமா?"

"பாத்திரம் இல்லாம மூடி வாங்க முடியுமாங்க?"

துணிச் சுருள்கள் கொண்டுபோகிற தள்ளுவண்டியில் மெத்தைப் பஞ்சு பரப்பி, பெட்டியைக் கீழேயும் திரையை மேலேயும் வைத்து, ஒரு பழைய ஊதாத் திரைச்சீலையால் மூடிக் கட்டினாள். கணவர் தள்ளினார். அக்கா ஒரு கையால் பிடித்தபடி, தலையைக் குனிந்துகொண்டு பக்கத்தில் நடந்தாள். தெருவில் யார்தான் சும்மா இருப்பார்கள்? உடம்புக்கு முடியலையா, யாரு, என்று ஒருவர் பதறிக்கொண்டே வந்து திரையைத் தூக்கிப் பார்த்தார். வீடு மாறுகிறீர்களா என்று ஒருவர் கேட்டார். கணவர் எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொன்னார். "மாப்பிள்ளையோட போறோம். பொண்ணு வீடு அந்த முக்குல."

முக்கில் இருந்த போன் கடைக்காரருக்கு ஊரில் 'எல்லாமே' என்று பேர். எதைக் கேட்டாலும் எல்லாமே இருக்கு, எல்லாமே நல்லதுதான், எல்லாமே எல்லாத்தோடயும் சேரும் என்று சொல்வார். கடைக்கு முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. காலை வெயில் நேரே உள்ளே விழும். அதனால் அவர் எப்போதும் ஒரு கண்ணைச் சுருக்கியபடியே பேசுவார். வாடிக்கையாளர்கள் அவர் கண்ணடிக்கிறார் என்று தப்பாக நினைத்துக்கொள்வதும் உண்டு.

"வாங்கக்கா. போனா? எந்த அளவு ஸ்கிரீன் வேணும்?"

"சன்னலைப் பாக்காம எப்படிச் சொல்றது?" என்றாள் அக்கா. இருபது வருடப் பழக்கம். சொன்ன பிறகுதான் எந்தக் கடையில் நிற்கிறோம் என்பது உறைத்தது. காது மடல் சூடாகி, ஊதாத் துணியின் முடிச்சை அவிழ்ப்பதில் மும்முரமானாள்.

உள்ளேயிருந்து கம்ப்யூட்டர் வெளிப்பட்டதும் எல்லாமேயின் இரண்டு கண்களும் ஒருசேரத் திறந்தன. இத்தனை வருடக் கடையில் போன் வாங்க யாரும் கம்ப்யூட்டரைக் கூட்டி வந்ததில்லை என்றார். வேண்டியதே இல்லை, இந்தக் காலத்தில் எல்லாமே எல்லாத்தோடயும் சேரும் என்றார். அக்கா வண்ண நூல் பார்த்து ஒயர்களை மாட்டிக்கொண்டிருந்தாள். பிளக் மாட்ட இடம் போதாமல் கடை மின்விசிறியைக் கழற்ற வேண்டியதாயிற்று. கம்ப்யூட்டர் முனகிக்கொண்டு எழுந்தது.

முதலில் குடைச் சின்னம் போட்ட போன் வந்தது. எல்லாமே அதில் ஒரு படம் எடுத்து, ஒயரைக் கம்ப்யூட்டரில் சொருகினார். டிங் என்றது. போன் திரையில் ஏதோ ஒரு சிறு கட்டம் கீழேயிருந்து தலைநீட்டியது, எல்லாமேயின் கட்டைவிரல் ஒரு தள்ளு, காணோம். கம்ப்யூட்டரில் படம் வரவில்லை. அடுத்தது தும்பிச் சின்னம். டிங், தலைநீட்டல், தள்ளு. படம் இல்லை. கம்ப்யூட்டர் பழசாகிவிட்டது, அதுதான் எதையும் அடையாளம் தெரியவில்லை என்றார் எல்லாமே. எல்லாமே எல்லாத்தோடயும் சேரும் என்றவர், இப்போது கம்ப்யூட்டரை மாற்றிவிட்டால் எல்லாமே சேரும் என்று கொஞ்சம் நகர்ந்து நின்றுகொண்டார்.

அந்த நேரம் பார்த்துக் குட்டி உள்ளே நுழைந்தாள். வண்டி ஊர்வலம் போன செய்தி பெரிய தெரு வரை எட்டியிருந்தது. கூடவே போன் ரிப்பேருக்கு வந்த இரண்டு பேர், வேடிக்கைக்கு வந்த மூன்று பேர். மின்விசிறி இல்லாத கடை புழுங்கியது.

"அண்ணி, இதை வீதியில தள்ளிக்கிட்டேவா வந்தீங்க?" குட்டி சிரிப்பை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, நிஜமான அக்கறையோடு சொன்னாள். "போதும் அண்ணி. எத்தனை பேர் பாக்குறாங்க. வாங்க, நம்ம கடைக்குப் போயிடலாம். நாளைக்கு அளவெடுத்தாத்தானே சனிக்கிழமைக்கு முடியும்."

கணவர்கூட எதையும் சொல்லவில்லை. மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்காவுக்கு வியர்த்தது. எல்லாரும் தன்னையே பார்ப்பது முதுகில் ஊசி குத்துவதுபோல் இருந்தது. சரி என்ற ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்த இடத்தைவிட்டுப் போய்விடலாம். அந்த வார்த்தை நாக்கு நுனிக்கே வந்துவிட்டது.

அதற்குள் எல்லாமே, வந்ததற்கு இதையும் பார்த்துவிடலாம் என்று, அடித்தட்டில் கிடந்த ஏணிச் சின்னம் போட்ட தடித்த போன் ஒன்றை எடுத்துச் சொருகினார். டிங். கீழேயிருந்து அதே மாதிரி ஒன்று தலைநீட்டியது. கட்டைவிரல் தள்ளப் போனது.

"தம்பி, தள்ளாதீங்க" என்றாள் அக்கா.

எல்லாமேயின் விரல் அந்தரத்தில் நின்றது.

"அது என்னமோ கேக்குது. மூணு போனும் கேட்டுச்சு. மூணு தடவையும் நீங்க பதில் சொல்லாம தள்ளி விட்டுட்டீங்க."

"அது சும்மா வர்றதுக்கா. எப்பவும் வரும்."

"சும்மா வர்றது ஏன் கேள்விக்குறி போட்டுக்கிட்டு வருது?"

 எல்லாமே குனிந்து பார்த்தார். இங்கிலீஷில் இருந்தது. வரியின் கடைசியில் கேள்விக்குறியும் இருந்தது. இத்தனை வருடமாக அவர் கட்டைவிரலுக்கு அது தெரியும், கண்ணுக்குத் தெரியாது. போனைத் தமிழுக்கு மாற்ற முடியுமா என்று அக்கா கேட்டாள். மாற்றிக் கொடுத்தார். ஒயரை உருவித் திரும்பச் சொருகினார்.

அக்கா வரிக்குக் கீழே விரலை வைத்துப் படித்தாள். எல்லாரும் காத்திருந்தார்கள். "'இந்த... இணைப்பின்... மூலம்... என்ன செய்ய... விரும்புகிறீர்கள்?'"

"நம்மகிட்ட இவ்வளவு மரியாதையா யாரும் கேட்டதில்ல" என்றார் கணவர். அவருக்குக் குரல் திரும்பிவிட்டது.

கீழே இரண்டு பதில் இருந்தன. சார்ஜ் மட்டும். கோப்புகளைப் பகிர். எதையும் தொடாமல் விட்டால் அதுவாகவே சார்ஜ் மட்டும் ஏற்றிக்கொள்ளும் போலிருக்கிறது. வாசலில் வந்து நின்ற விருந்தாளி, உள்ளே வரலாமா, இல்லை தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போகவா என்று கேட்டால், நாம் கதவைச் சாத்தினால் அவர் என்னதான் செய்வார்? அக்கா இரண்டாவதை அழுத்தினாள்.

கம்ப்யூட்டரில் ஒரு கட்டம் திறந்தது. கடையில் அவ்வப்போது எடுத்துப் பார்த்த படங்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவர் கைதட்டவே போனார். ஆனால் படங்களைத் திறந்தால் எல்லாம் வெறும் வெள்ளை. துவைத்துக் காயப்போட்ட வேட்டி மாதிரி.

குட்டி பெருமூச்சு விட்டாள். "வந்தும் வரலையே அண்ணி."

அக்காவுக்கு இப்போது கூச்சம் எங்கே போனதோ தெரியவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். கேள்வி கேட்கிற பொருள் என்றால் பதில் எங்கேயாவது எழுதி வைத்திருக்கும் என்பது அவள் கணக்கு. காமெராவுக்குள் இருந்த அமைப்புகளை முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினாள். நாமெல்லாம் நாலாவது வரியில் கொட்டாவி விட்டுவிடுவோம். அவளுக்கு எல்லா வரியும் ஒரே வேகம்தான். ரிப்பேருக்கு வந்தவர்கள் போய்விட்டார்கள். எல்லாமே ஒரு விசிறிமட்டையை எடுத்து வீசிக்கொண்டார். குட்டி இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், ஆனால் போகவில்லை.

இருபதாவது வரியோ இருபத்தோராவது வரியோ, விரல் நின்றது.

"'படத்தின் வகை'" என்று படித்தாள். "'சிக்கனமானது.' அதுலதான் இப்ப புள்ளி இருக்கு. கீழ இன்னொண்ணு இருக்குங்க. 'பழைய... சாதனங்களுடனும்... பொருந்துவது.'"

"பொருத்தம்" என்றார் கணவர், தானே கண்டுபிடித்ததைப்போல. "சொன்னேன்ல. நல்ல இடம்தான்."

புள்ளியை மாற்றினாள். சோதித்துப் பார்க்க ஒரு படம் வேண்டும். பையிலிருந்து அளவுக்குச்சியை எடுத்து, கடையின் முன்பக்கக் கண்ணாடி ஓரத்தில் நிறுத்தி ஒரு படம் எடுத்தாள். ஒயரைச் சொருகினாள். போன் கேட்டது. அவள் படித்துப் பதில் சொன்னாள். கம்ப்யூட்டரில் எல்லாமேயின் கண்ணாடி முழுசாக, வெயிலோடு, தெருவோடு, குச்சியின் கறுப்புக் கோடு ஒவ்வொன்றும் தெளிவாகத் திறந்துகொண்டது. பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்த குட்டியின் முகமும் கம்ப்யூட்டர் கண்ணாடியில் மங்கலாகத் தெரிந்தது.

அக்கா பையிலிருந்த மரச்சட்டத்தைத் திரைமேல் வைத்துப் பார்த்தாள். "தம்பி, உங்க கண்ணாடி வலது பக்கம் ஒரு விரல் இறக்கம்."

"என் கடையா?" என்று எல்லாமே வெளியே ஓடித் தெருவில் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

அதே கேள்விக்குப் பதில் சொன்னால் குடையும் தும்பியும்கூடச் சரிப்படும் என்பது பிறகுதான் அவருக்குப் புரிந்தது. அவை பளபளப்பானவை, மெல்லியவை. அதிலேயே ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அக்கா இரண்டையும் தமிழுக்கு மாற்றிச் சொருகிப் பார்த்தாள். இரண்டும் அதே கேள்வியைக் கேட்டன. ஆனால் அவள் இரண்டாவது சொல்லைப் படித்து முடிப்பதற்குள் கேள்வி தானே மறைந்துவிட்டது. ஏணி மட்டும் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அப்படியே நின்றது.

"இதுவே போதும் தம்பி" என்றாள். "அதுங்க கேட்டுட்டு ஓடிடுதுங்க. இது கேட்டுட்டு நிக்குது."

இந்தப் போதும் அவள் சொன்ன போதும். குட்டிக்கும் அது கேட்டிருக்க வேண்டும்.  ஊதாத் துணியை எடுத்து, கம்ப்யூட்டரை மூடிக் கட்டுவதற்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். முடிச்சு இறுக்கமாக இல்லை என்று அவிழ்த்துத் தானே கட்டினாள். யாருக்கு என்ன நல்லது என்று தெரிந்தவள் இல்லையா.

வியாழக்கிழமை முப்பத்தொரு சன்னலையும் அக்கா படம் எடுத்தாள். வெள்ளிக்கிழமை முழுக்க வரைந்தாள். சனிக்கிழமை காலை கண் டாக்டர் படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். ஒவ்வொரு சன்னலுக்கும் கீழே இறக்கம், சாய்வு, ஒடுக்கம் என்று எழுதியிருந்தது. இது புதுக் கட்டடம், எல்லாச் சன்னலும் நேர்தான் என்று கட்டியவர் சத்தியம் செய்திருக்கிறார் என்றார் டாக்டர். அக்கா குச்சியை எடுத்து அவருடைய அறைச் சன்னலின் ஓரத்தில் நிறுத்தி வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். டாக்டர் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், மறுகண்ணை மூடிப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு, வெட்டிக்கொள்ளுங்கள் என்றார்.

இதெல்லாம் நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஆஸ்பத்திரியின் முப்பத்தொரு திரைகளின் மூலையிலும் நீலப் பெருக்கல் குறி இருக்கிறது. எல்லாமேயின் கடைக்கும் ஒரு திரை தைத்தாயிற்று. இப்போது அவர் இரண்டு கண்களாலும் பேசுகிறார். பழைய கம்ப்யூட்டர் அதே மூலையில் அதே ஸ்கிரீனுக்குப் பின்னால் இருக்கிறது. ஒவ்வொரு தடவை சொருகும்போதும் போன் அதே கேள்வியைக் கேட்கிறது. பதில் தெரியும் என்றாலும் அக்கா கடைசி எழுத்துவரை படித்துவிட்டுத்தான் அழுத்துகிறாள். குட்டி போன மாதம் தன் கடைக்கு ஒரு போன் வாங்கப் போவதாகச் சொல்லி, யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்து தள்ளுவண்டியை இரவல் வாங்கிப் போனாள். வண்டி இன்னும் திரும்பி வரவில்லை. அக்கா துணிச் சுருள்களைத் தோளில்தான் சுமந்துகொண்டு போகிறாள்.